தொவேரா மேல்படிப்புக்கு வந்த வருஷம்

தொவேரா ம்சிஸ்கா சோம்பாவில் வந்து இறங்கிய அன்று விடாத மழை. வடகோடியில் இருக்கும் கரோங்காவிலிருந்து நாட்டின் நீளம் முழுவதையும் பேருந்திலேயே கடந்து வந்திருந்தாள். கூடவே அவள் கணவன் விதும்பிகோ. அவன் தலையில் சுருட்டிய மெத்தை, தோளில் அரிசி மூட்டை. துறையில் கேட்டுக்கொண்டதால், பல்கலைக்கழகத்தை ஒட்டிய சிகாண்டாவில் நான் குடியிருந்த வீட்டிலேயே பக்கத்து அறையை அவளுக்குப் பிடித்து வைத்திருந்தேன். அவள் சேரப்போகும் வேதியியல் துறையில்தான் நானும் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன், இரண்டாம் வருஷம்.

விதும்பிகோ மெத்தையை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தங்கச்சி, இத்தன வருஷமா ஊர்ப்பிள்ளைங்களுக்கு வேதியியல் சொல்லிக்குடுத்தா. இப்ப இவளே பிள்ளையாயிட்டா. வீட்டுப்பாடம் எழுதலைன்னா எனக்கு ஒரு போன் போடு."

"நீங்க முதல்ல மணி அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருங்க," என்றாள் தொவேரா.

அவனும் ஆசிரியன்தான், தொடக்கப்பள்ளியில். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. வேறு பெண் பார் என்று அவன் வீட்டார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள் என்பதை மறுநாள் அவன் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு அவளே சொன்னாள். இந்த இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னதே அவன்தானாம். வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, ஒருவராவது ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்றானாம்.

எங்கள் ஆய்வு வழிகாட்டி டாக்டர் கலிந்தே. கண்டிப்பான பெண்மணி. முதல் நாள் தொவேராவிடம் ஒரு பை நிறைய மரப்பட்டையைக் கொடுத்தார். வடக்கே மலைக்காட்டில் காய்ச்சலுக்குக் காய்ச்சிக் குடிக்கிற பட்டை. அதற்குள் வேலை செய்கிற பொருள் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் அவளுடைய படிப்பு.

பட்டையை இடித்துப் பொடியாக்கி, கரைப்பான்களில் ஊறவைத்து, வடித்து, சுண்ட வைத்து, வெள்ளை மாவு நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றினாள். மேலிருந்து குளோரோஃபார்ம் சொட்டச் சொட்ட, பழுப்புச் சாறு குழாய்க்குள் இறங்கியபடியே பிரியத் தொடங்கியது. முதலில் ஒரு மஞ்சள் வளையம், அதன் பின்னால் மங்கலான பச்சை. தொவேரா நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் இதைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டியிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. "பச்சைய முந்திக்கிட்டு மஞ்சள் வருது பாரு," என்றாள், ஓட்டப்பந்தயம் பார்ப்பவளைப் போல.

இந்த வேலையெல்லாம் நச்சாவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் நடக்க வேண்டும். கூண்டு இருந்தது. அதன் மின்விசிறிதான் ஓடவில்லை. நான் சேர்வதற்கு முன்பே பழுதானது. பாகம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வர வேண்டும் என்று சொல்லியே காலம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வோம். மழை உள்ளே அடித்தால் மூடிவிடுவோம். மாலையில் வீட்டுக்குப் போனாலும் அந்தத் தித்திப்பு வாடை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த உசிபாவை, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீனை, ஒருநாள் வறுத்தேன். கருவாட்டு வாசம் பட்டதும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். எட்டு வருஷமாக வராதது வந்திருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே உண்டாகியிருந்ததாம், அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் கலிந்தேயிடம் உடனே சொல்லுங்கள் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். முந்தைய வருஷம் எங்கள் துறையில் ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும், பெற்றுவிட்டு வா என்று அனுப்பிவைத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது உதவித்தொகை இன்னொருவருக்குப் போயிருந்தது. அந்தக் கதையைத் தொவேராவுக்குச் சொன்னது துறை அலுவலகத்திலேயே ஒருவர்.

"ஃபலேசி, எனக்கு வயசு முப்பத்தஞ்சு," என்றாள். "ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு. எதை வேணாம்னு சொல்லச் சொல்ற?"

கரைப்பான் வேலையை என்னால் முடிந்த நாட்களில் நானே செய்து கொடுத்தேன். ஆனால் அவளுடைய பட்டை, அவளுடைய குழாய். எந்தச் சொட்டில் எது இறங்கியது என்று அவள்தான் பார்த்தாக வேண்டும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பாள். வயிறு தெரியத் தொடங்கியதும் அளவில் பெரிய வெள்ளை மேலங்கி ஒன்றை வாங்கிக்கொண்டாள். விதும்பிகோ தினமும் போனில் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, எவ்வளவு சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரணை நடக்கும். பெண் பிறந்தால் கணக்கு, ஆண் பிறந்தால் சமையல் கற்றுக்கொடுப்பது என்று இப்போதே தீர்மானித்துவிட்டதாக ஒருநாள் சொன்னானாம்.

குளிர் தொடங்கி, மலையிலிருந்து சாரல் இறங்கி ஊரை மூடியிருந்த ஒரு காலைப்பொழுது. ஆய்வகத்திலேயே அவளுக்கு வலி எடுத்தது. நானும் துறை ஓட்டுநரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சாயங்காலம் குழந்தை பிறந்தது, உயிரில்லாமல். பெண்.

மறுநாள் விதும்பிகோ வந்து சேர்ந்தான். அடக்கத்துக்கு அவன் வர முடியாது. மூச்சு விடாமல் பிறந்த குழந்தையை எங்கள் பக்கத்தில் பெண்கள்தான் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. தேவாலயத்துப் பெண்கள் நான்கு பேரும் நானும் போனோம். சின்னப் பொட்டலம்தான், துணியில் சுற்றியது. திரும்பி வரும்போது அவன் சாலையோரத்தில் சாரலில் நனைந்துகொண்டு நின்றான்.

"தங்கச்சி, யார் சாயல்?" என்று கேட்டான்.

"உங்க சாயல்தாண்ணே," என்றேன். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவர்கள் துணியை விலக்கவில்லை.

மருத்துவர் காரணம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எத்தனையோ காரணம் இருக்கலாம், இந்த வயதில் முதல் பிள்ளை என்றால் இப்படி ஆவதும் உண்டு என்றார். அறைக்கு வந்ததும் விதும்பிகோ அவளுடைய மேலங்கியை எடுத்து மடித்தான். மடித்ததை மூக்கருகே கொண்டுபோனான்.

"இந்த வாடையாலதானா?" என்றான்.

"தெரியல."

"நீ வேதியியல் படிச்சவ. உனக்கே தெரியலையா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். நான் எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். சுவரின் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டதெல்லாம் மழை மட்டும்தான்.

தொவேரா அவனோடு ஊருக்குக் கிளம்புவதற்கு முன் டாக்டர் கலிந்தே அவளைப் பார்க்க வந்தார். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க, டாக்டர்?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஒரு வருஷம் கழிச்சு வான்னு சொல்லியிருப்பேன்."

"என் இடம்?"

"வேற யாருக்காவது போயிருக்கும்."

தொவேரா தலையசைத்தாள். டாக்டர் பழங்களைக் கட்டிலோரம் வைத்துவிட்டு எழுந்தார். அன்று மாலையே டாக்டர் ஆய்வகத்தைப் பூட்டி, சாவியைத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டு, விசிறி ஓடாமல் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே விசிறி ஓடியது. பாகம் பிளான்டயரிலேயே ஒரு கடையில் கிடைத்தது. ஒரு மணி நேரப் பயணம். இதைத் தொவேராவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சொல்லவே இல்லை. யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவள் இனி வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வெயில் திரும்பியபோது வந்தாள், தனியாக. ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே நூலகத்துக்குப் போனாள். பல வாரம் அங்கேயே இருந்தாள். அந்தக் கரைப்பான்கள் வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யும் என்று யார் யார் எழுதியிருக்கிறார்களோ அத்தனையும் படித்தாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவள் நசீமா களியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "எலிக்கு என்ன ஆகும்னு எழுதியிருக்காங்க. தொழிற்சாலையில வேலை செய்யற ஆயிரம் பொம்பளைங்களுக்கு என்ன ஆகும்னு எழுதியிருக்காங்க. ஒருத்திக்கு என்ன ஆச்சுன்னு எங்கயும் எழுதல."

மறுநாள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு குழாய் முன்னால் போய் நின்றாள். உட்காரவில்லை. விசிறி இரைந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அந்தப் பட்டையிலிருந்து ஊசி ஊசியாக மஞ்சள் படிகம் எடுத்தாள். சோதித்துப் பார்த்ததில், அது வேறொரு நாட்டில் வேறொரு செடியில் ஏற்கெனவே கண்டுபிடித்துப் பெயர் வைத்த பொருள் என்று தெரிந்தது. பட்டம் வாங்க அது போதும், யாரும் குறை சொல்லவில்லை. டாக்டர்தான் அவளைவிட வருத்தப்பட்டார்.

பட்டமளிப்பு நாளில் விதும்பிகோ வரவில்லை. அதற்கு முந்தைய மாதமே போனில் எல்லாவற்றையும் அவனே சொல்லிவிட்டான். பக்கத்து மாவட்டமான சிட்டிபாவில் ஒரு பெண், அவளுக்கும் அவனுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன் என்றானாம். தொவேரா குழந்தையின் பெயரைக் கேட்டாள். சொன்னான். நல்ல பெயர் என்றாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மறுமுனையில் அவன் அழுதுகொண்டிருந்தான். நான் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வச்சிடறேண்ணே," என்றேன்.

இப்போது அவள் லிலோங்வேயில் குடிநீர் சோதிக்கும் இடத்தில் அதிகாரி. கிணறுகளின் தண்ணீரைப் புட்டிகளில் கொண்டுவருவார்கள், இன்னது இவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பாள். வேலை பிடித்திருக்கிறது என்கிறாள். வீட்டின் பின்னால் தக்காளி போட்டிருக்கிறாள். நான் அங்கே போகும்போதெல்லாம் அவள் வீட்டில்தான் தங்குவேன். இரவு வெகுநேரம் பேசிச் சிரிப்போம், துறையில் இருந்த ஒவ்வொருவரையும் இழுத்து வைத்துக் கேலி செய்வோம்.

வேலை நிமித்தம் வருஷத்துக்கு ஒரு முறையாவது அவள் பிளான்டயருக்குப் போகிறாள். நான் இன்னும் சோம்பாவில்தான் இருக்கிறேன், வரும் வழியில் இங்கேயும் வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போங்கக்கா என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

"வரேன், வரேன்," என்பாள்.

இதுவரை வரவில்லை.