பழைய காருக்குப் புதுக் குளிர்

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து குருநாகலுக்கு ஒரு கலியாணக் கேக் கொண்டுபோனேன். மூன்று தட்டு. முழுக்க பட்டர் ஐசிங். செய்தவர் என் மனைவி மனோ.

அவருக்கு இதுதான் முதல் கலியாண ஓர்டர். கண்டிக் குளிரில் ஐசிங் சொன்னபடி கேட்கும். கலகெதரை தாண்டி இறங்க இறங்க வெக்கை ஏறும். குருநாகலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்... வழியில் உருகினால்?

"பிறகு ஒருத்தரும் என்னட்டைக் கேக் கேக்க மாட்டினம்" என்று மனோ இரண்டு கிழமையாக நித்திரையில்லாமல் திரிந்தார்.

என் கார் பழசு. அதன் ஏசி வேலை செய்து நாலு வருடம். அதற்குப் போடும் பழைய வகைக் காஸ் இப்போது கிடைப்பதில்லை. பிலிமத்தலாவையில் ஏசி வேலை செய்யும் ரசீன் நானாவிடம் போய்க் கேக் விஷயத்தைச் சொன்னேன்.

"புதுக் காஸுக்கு மாத்தலாம் சேர். ஆனா பழைய ஒயிலோட அது சேராது. உள்ளுக்கு எல்லாத்தையும் கழுவி, ஒயில், வாஷர் எல்லாம் புதுசு போடணும்."

போட்டார். கராஜில் வைத்து ஓடவிட்டுக் காட்டினார். அப்பப்பா... நுவரெலியாக் குளிர்! சந்தோஷமாக வீட்டுக்குப் புறப்பட்டேன். பேராதனை வருவதற்குள் குளிரைக் காணோம்.

அடுத்த நாள் காலையிலேயே போய்ச் சத்தம் போட்டேன். "நானா, என்னை நல்லா ஏமாத்திப்போட்டீங்கள்!"

அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். "ஓட்டுங்க சேர், பாப்பம்."

ஓட்டினேன். காற்று வரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னா சேர் இது? கண்ணாடி தொறந்து ஈக்கே!"

பார்த்தேன். மூன்று விரல் அளவுக்குத் திறந்துதான் இருந்தது. சத்தியமாக எனக்கே தெரியாது!

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழைநாள். கண்ணாடியை ஏற்றி, ரேடியோவும் போட்டுக்கொண்டு வந்தேன். சோதனைச்சாவடியில் ஆமி நிறுத்தச் சொல்லிக் கத்தியது காதில் விழவில்லை. கடந்துபோய், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால், துப்பாக்கி என் முதுகைப் பார்த்து நிற்கிறது. அன்றைக்கு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு கை தானாகவே மூன்று விரல் இடைவெளி விடப் பழகிவிட்டது.

சொன்னேன். நானா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நானும் அப்படித்தான் சேர். வாகனத்துல ரேடியோவே போடுறதில்ல" என்றார். பிறகு, "ஆனா கேக் ஈக்கே... மூடித்தான் ஆகணும். ரோட்டப் பாக்க மிஸிஸக் கூட்டிட்டுப் போங்க."

பயம் பழகிவிட்டால் அது இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அடுத்தவன் காட்டித்தான் தெரிய வேண்டியிருக்கிறது, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை நாலு கண்ணாடியையும் இறுக்கி ஏற்றினேன். மனோ பின்சீட்டில். ஒரு கை கேக்கில், கண் ரோட்டில். கலகெதரை தாண்டியதும் குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ, முன்னுக்கு ஆமி நிக்குது. கண்ணாடியை இறக்குங்கோ!"

இறக்கினேன். அடையாள அட்டையைக் கையில் எடுத்தேன். சிப்பாய் குனிந்து தலையை உள்ளே விட்டான்... எடுக்கவே இல்லை!

"ஷா... ஹரி சீதலய்!" நல்ல குளிராம். கண்ணை மூடிக்கொண்டு குளிரை அனுபவித்தான். கூட நின்றவனையும் கூப்பிட்டான். இப்போது உள்ளே இரண்டு தலை. வெளியே நெருப்பு வெயில். குளிரெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் தலையை எடு என்று சொல்லலாமா?

மனோ சிங்களத்திலேயே சொன்னார். "மல்லி, கேக் எக்க தியவெனவா!"

தம்பி, கேக் கரையுதாம்!

இருவரும் அப்போதுதான் கேக்கைப் பார்த்தார்கள். எங்களைவிட அவர்களுக்குத்தான் பதற்றம். "வஹன்ன, வஹன்ன!" என்று ஒருவன் என்னை மூடச் சொல்லி அவசரப்படுத்த, மற்றவன் ஓடிப்போய்த் தடையைத் தூக்கினான். என் அடையாள அட்டை கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை!

அடுத்த வளைவு வரை அடக்கிக்கொண்டு போய், பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை வருடமாயிற்று, அந்த ரோட்டில் நாங்கள் சிரித்து!

மூன்று தட்டும் நிமிர்ந்தபடி மண்டபம் போய்ச் சேர்ந்தன. அங்கேயே மனோவுக்கு இன்னும் இரண்டு ஓர்டர்.

கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மூன்று நாளாகத் தடிமன், ஓயாத தும்மல்!