கணவாய் வரைக்கும் ஒரு வழிகாட்டி

முத்லக் கூட்டிக்கொண்டு போகும் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் நாலாம் நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நீ ஏன் கீழே வருவதில்லை?

அவனும் ஒரே பதிலைத்தான் சொல்வான். முழங்கால் வலி.

அவன் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் மேட்டு நிலத்திலிருந்து செம்பாறை இடுக்குகள் வழியாக அவர்களை நடத்திக்கொண்டு வந்தவன். நாலாம் நாள் உச்சி வேளைக்குள் கணவாய்க்கு வந்து சேர்வார்கள். அங்கிருந்து பள்ளத்தாக்கு ஒரேயடியாக விழுகிறது. கீழ்ப்பாதியை ஹுவைமில் என்பவன் ஏற்றுக்கொள்வான். அவன் தண்ணீர்க் குடங்களோடு கீழிருந்து ஏறி வந்து கணவாயில் காத்திருப்பான். முத்லக் எல்லாரிடமும் கைகுலுக்கிவிட்டுத் தனியாகத் திரும்புவான்.

கோடையில் அந்தப் பாறைகளில் கை வைக்க முடியாது. குளிர்காலத்தில் எங்கோ பெய்த மழைக்கு இங்கே வெள்ளம் வரும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இலையுதிர் காலம்தான் எங்களுக்குப் பிழைப்பு. காட்டு வெங்காயம் இலையே இல்லாமல் வெள்ளைப் பூவை நீட்டும்போது ஆளுக்கு இரண்டு கைத்தடியோடு அவர்கள் வந்து இறங்குவார்கள். நான் கோவேறு கழுதைக்காரன். கூடாரமும் சாப்பாட்டுச் சாமானும் என் பொறுப்பு. கணவாய்க்குக் கீழே இறங்கும் பாதையில் கழுதை போகாது. அதனால் நாலாம் நாள் காலையில் மேல் ஊற்றடியிலிருந்தே நான் திரும்பிவிடுவேன்.

முத்லக் பிறந்தது கணவாய்க்குக் கீழே. அவன் வீடும் அத்திமரங்களும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பல வருஷத்துக்கு முன்னால் ஆட்டுத் தொட்டியடியில் யார் ஆடு முதலில் குடிப்பது என்று ஆரம்பித்த சண்டையில் அவன் பெரியப்பா மகன் ஷாஹிர் ஒருவனைச் சுட்டுவிட்டான். செத்தவன் கீழே ஆடு மேய்க்கும் அவ்வாத் என்பவனின் அண்ணன். எங்கள் பாலைவனக் குடிகளின் வழக்கப்படி, ஒருவன் கொன்றால் அவனுடைய ரத்த உறவு முழுக்க அந்த நிலத்தை விட்டுப் போக வேண்டும். சமாதானம் ஆகும்வரை திரும்பக் கூடாது. ஒன்பது வீடுகள் அன்றைக்கே காலியாயின. மேட்டு நிலத்து ஊரில் வாடகை அறைகளில் ஒண்டினார்கள். அங்கே பனி விழும்.

“கொன்னவன் ஜெயில்ல கம்பளி போத்திட்டுத் தூங்குறான்” என்பாள் முத்லக்கின் மனைவி ஹிஸ்ஸா. “கொல்லாதவங்க நாமதான் இங்க வெறைச்சுக் கிடக்குறோம். நீங்களும் யாரையாவது சுட்டிருக்கலாம்.”

“யார சுடச் சொல்ற?”

“வீட்டுக்காரன. வாடகையாவது மிச்சம்.”

வருஷா வருஷம் மத்தியஸ்தர் ஷேக் முஃப்லிஹ் இரு பக்கமும் போய்ப் போர்நிறுத்தத்தைப் புதுப்பித்துவிட்டு வருவார். நிபந்தனை ஒன்றுதான். முத்லக்கின் ஆட்கள் யாரும் கணவாயைத் தாண்டக் கூடாது. பதினோராம் வருஷம் அவர் வேறு செய்தி கொண்டுவந்தார். அவ்வாத் சமாதானத்துக்கு இறங்கி வந்துவிட்டான். ஆலிவ் அறுவடை முடிந்ததும் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு அவன் கூடாரத்துக்குப் போவது, காப்பி குடிப்பது, குளிருக்கு முன் ஒன்பது வீடும் இறங்கிவிடுவது. ஹிஸ்ஸா அந்த வருஷக் குளிருக்கு மண்ணெண்ணெய் வாங்கவில்லை. பெரிய சட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டென்மார்க்குக் கூட்டம் வந்தது. ஏழு பேர். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். அவர்களில் இங்கர் என்ற அம்மா எப்போதும் கடைசியில் வருவாள். கல்லைப் பொறுக்கிப் பார்ப்பாள், பையில் போட்டுக்கொள்வாள், கொஞ்ச தூரம் போய்ப் பாரம் தாங்காமல் கீழே போடுவாள்.

முதல் நாள் மாலையில் முத்லக் எல்லாக் கூட்டத்துக்கும் சொல்லிக்கொடுப்பதைப் போல இவர்களுக்கும் காப்பி குடிக்கச் சொல்லிக்கொடுத்தான். நிறைய கூட்டங்களைப் பார்த்தவன் என்பதால் அதை நாடகம் மாதிரி செய்வான். வலது கையால் வாங்க வேண்டும். பேசக் கூடாது. மூன்று மிடறில் குடித்துவிட வேண்டும். போதும் என்றால் கோப்பையை இப்படி அசைக்க வேண்டும். அசைக்காதவனுக்கு ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், விடிந்தாலும் விடமாட்டார்கள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். “சந்தேகம் வந்தா என்னப் பாருங்க. நான் முதல்ல குடிப்பேன். நான் செய்யுறத நீங்க செய்யுங்க. எங்க போனாலும் இதுதான்” என்று முடிப்பான்.

இன்னொன்று இருக்கிறது. அதை அவன் அவர்களுக்குச் சொல்வதில்லை. சுற்றுலா வந்தவர்களுக்கு அது எதற்கு? காரியமாக வந்தவன் முதல் கோப்பையைக் குடிக்க மாட்டான். தொடாமல் முன்னால் தரையில் வைத்துவிடுவான். வீட்டுக்காரன் என்ன வேண்டும் என்று கேட்பான். வந்தவன் சொல்வான். குடி, தந்தேன் என்று வீட்டுக்காரன் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பது. வந்தவன் எதிரியாக இருந்தாலும் கோப்பை தரையில் இருக்கும்போது வீட்டுக்காரன் கேட்காமல் இருக்க முடியாது.

நாலாம் நாள் காலையில் மேல் ஊற்றடியில் கழுதைகள் மேல் சுமை கட்டிக்கொண்டிருந்தேன். முத்லக் நன்றாகத்தான் இருந்தான்.

“அடுத்த வருஷம் நானே கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போவேன்.”

“முழங்கால் வலி?”

“ஆலிவ் பறிச்சா சரியாயிடும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு.”

“அப்ப ஹுவைமில் சோத்துக்கு என்ன பண்ணுவான்?”

“அவனுக்கு முழங்கால் வலி வரட்டும்.”

அதன்பின் நடந்தது எனக்குப் பல வாய்கள் வழியாக வந்தது.

உச்சிக்குக் கணவாய்க்கு வந்திருக்கிறார்கள். ஹுவைமில் இல்லை. அவன் தகப்பனாருக்கு மூச்சு முட்டி, தூக்கிக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தான். இன்னொரு ஆளை ஏற்பாடு பண்ணு என்று முத்லக்குக்குப் போனில் குரல் பதிவும் அனுப்பியிருந்தான். மலைக்குள் போன் வேலை செய்யாது. அந்தக் குரல் வாரக் கடைசியில்தான் முத்லக்கின் போனுக்கு வந்து சேர்ந்தது. “மச்சான், என்ன மன்னிச்சிரு” என்று ஆரம்பித்தது.

அந்த வருஷம் இலையுதிர் காலம் வரவேண்டிய நேரத்தில் கோடை விட்டுப் போகவில்லை. முத்லக் அவர்களைப் பாறை நிழலில் உட்கார வைத்தான். ஆளுக்கு மிச்சமிருந்த தண்ணீர் தீர்ந்தது. வெயில் சாய ஆரம்பித்தபோது இங்கர் வாந்தி எடுத்தாள். பிறகு அவளுக்கு வியர்ப்பது நின்றது. தன் பெயரைக் கேட்டதற்கு வேறு ஏதோ சொன்னாள். இது எங்கே போய் முடியும் என்று முத்லக்குக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

மேல் ஊற்றுக்குத் திரும்ப முழுக்க ஏற்றம். கீழே இறங்கினால் அரளி ஊற்று பக்கம்தான். ஆனால் பாதை இரண்டு இடத்தில் பிரிகிறது. தவறான பிளவில் இறங்கினால் வறண்ட அருவித் தலையில் கொண்டுபோய் விடும். அவர்களைத் தனியாக அனுப்ப முடியாது.

அவர்களில் ஒருவர் கேட்டாராம். “முழங்கால் தாங்குமா?”

முத்லக் தலைத்துணியை அவிழ்த்தான். அதன் ஒரு முனையை இங்கரின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டினான். இறங்கினான்.

அவன் ஒரு கணக்குப் போட்டிருந்தான். அரளி ஊற்றில் அந்தப் பருவத்தில் யாரும் கூடாரம் போடுவதில்லை. மழை விழுந்த பிறகுதான் ஆடுகள் அங்கே ஏறும். தண்ணீர் கொடுத்து அவளைத் தேற்றிவிட்டு, அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் தடத்தில் அவர்களை அனுப்பிவிட்டு, யாரும் பார்க்கும் முன் திரும்பி ஏறிவிடலாம். பதினோரு வருஷம் கீழே இல்லாதவனுடைய கணக்கு. அந்த வருஷம் கீழே புல் கருகிவிட்டது. அவ்வாத் ஒரு மாதம் முன்பே அங்கே வந்துவிட்டிருந்தான். கடைசி வளைவில் நாய்கள் குரைத்த பிறகுதான் முத்லக் கூடாரத்தைப் பார்த்தான்.

அவ்வாத் வெளியே வந்து நின்றான். இரண்டு பேருக்கும் அடையாளம் தெரிந்தது. அவ்வாத் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

“விருந்தாளிகளுக்கு வரவேற்பு. உள்ள வாங்க.”

அவ்வாதின் மனைவி இங்கரைப் பெண்கள் பக்கம் தூக்கிக்கொண்டு போய்த் துணியை நனைத்துப் போட்டாள். உப்பும் சர்க்கரையும் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள். மற்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுக் கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவ்வாத் நெருப்பின் முன் உட்கார்ந்து காப்பி போட்டான். எல்லாம் மெதுவாகச் செய்தான் என்று அவன் மனைவி பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்து, ஹுவைமிலின் அக்காவிடம் சொன்னாள். முதலில் தான் ஒரு வாய் குடித்தான். பிறகு எழுந்து, வயதான வெள்ளைக்காரர் இரண்டு பேர் வலது பக்கத்தில் இருந்தும், அவர்களைத் தாண்டிப் போய் முதல் கோப்பையை முத்லக்கிடம் நீட்டினான்.

அவள் சொன்னாள்: “அத மாதிரி அவரு யாருக்கும் குடுத்து நான் பாத்ததில்ல. குடுத்துட்டு நகரவே இல்ல. நின்னுட்டு இருந்தாரு.”

முத்லக் கோப்பையை வாங்கினான். ஆறு பேரும் முழங்காலில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசவில்லை. அவன் சொல்லிக்கொடுத்தபடியே காத்திருந்தார்கள்.

அவன் மூன்று மிடறில் குடித்தான். கோப்பையை அசைத்தான். திருப்பிக் கொடுத்தான்.

அவ்வாத் கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்தான். பிறகு மற்றவர்களுக்கு ஊற்றினான். அவர்கள் ஒவ்வொருவராக வலது கையால் வாங்கி, குடித்து, அசைத்துக் கொடுத்தார்கள். ஒரு அம்மா முத்லக்கின் பக்கம் குனிந்து சரியாகச் செய்தேனா என்று ஆங்கிலத்தில் கேட்டாளாம்.

வெள்ளைக்காரர்களை அவ்வாத் தன் வண்டியில் சாலைக்கு அனுப்பினான். இங்கர் பிழைத்துக்கொண்டாள். முத்லக்கிடம் ஒரு வாக்கியம்தான் சொன்னான். “இருட்டுறதுக்குள்ள கணவாய்க்கு மேல போயிடு.”

ஷேக் முஃப்லிஹ் அடுத்த வாரம் முத்லக்கின் வாடகை வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். ஒன்பது வீட்டு ஆண்களும் இருந்தார்கள். ஹிஸ்ஸா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். முஃப்லிஹ் உட்காரவில்லை.

“கீழ வைக்க வேண்டியதுதானடா. தரையில வைக்க வேண்டியதுதான? அதுக்குத்தான அவன் நின்னான்.”

முஃப்லிஹ் நின்றபடியே தொடர்ந்தார்.

“பொம்பளைக்கு முடியல, வந்தோம், உன் பாதுகாப்புல இருக்கோம்னு ஒரு வார்த்த. தந்தேன்னு சொல்லியிருப்பான். கணவாயத் தாண்டின குத்தமும் போயிருக்கும், ஏன், மொத்தமுமே அங்கயே முடிஞ்சிருக்கும். ஆலிவும் வேணாம் நாங்களும் வேணாம். அவன் என்ன சொல்றான் தெரியுமா? எங்க அண்ணனக் கொன்ன வீட்டுக்காரன் என் காப்பியக் குடிச்சுட்டுக் கோப்பைய ஆட்டிட்டுப் போனான், அவனுக்கு எங்கிட்டக் கேக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம், அப்ப எனக்கும் குடுக்க ஒண்ணுமில்லங்குறான். நான் என்ன பதில் சொல்ல? பதில் இருந்தா நீ சொல்லு.”

“அவங்க என்னப் பாத்துட்டு இருந்தாங்க.”

“யாரு?”

“கூட வந்தவங்க.”

“அதுக்கு?”

“கை தானா போயிடுச்சு.”

மூலையிலிருந்த அவன் சித்தப்பா எழுந்து செருப்பைத் தேடினார். “எங்க வாயில மண்ணப் போட்டுட்டு வெள்ளைக்காரனுக்குக் காப்பி குடிக்கக் கத்துக்குடுத்திருக்கான்” என்றார். யாரும் தடுக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். முஃப்லிஹுக்கு ஹிஸ்ஸா தேநீர் அனுப்பியிருந்தாள். அதை அவர் தொடவில்லை. அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, மறந்துவிட்டார்.

போர்நிறுத்தம் நின்றது, அதுவே பெரிய விஷயம் என்றார்கள். ஆனால் எல்லை மேலே ஏறியது. இனி கணவாயும் கிடையாது. மேல் ஊற்றோடு சரி. சமாதானப் பேச்சு எப்போது என்று கேட்க அவ்வாதிடம் போக முஃப்லிஹுக்கு முகமில்லை. ஹிஸ்ஸா மண்ணெண்ணெய் வாங்கினாள். அப்போது விலை ஏறியிருந்தது. சட்டிகளைச் சாக்கிலிருந்து எடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அதன்பின் அவனைக் கேலி செய்து நான் கேட்கவில்லை. ஊர்க் கல்யாணங்களில் அவன் பக்கத்தில் அவன் ஆட்கள் உட்காருவதில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் சுற்றுலாக் கம்பெனி அவனுக்கு மூன்று நாள் மட்டும் கொடுத்தது. நாலாம் நாள் காலை ஹுவைமில் மேல் ஊற்றுக்கே ஏறி வந்தான். முத்லக்கைக் கட்டிப்பிடித்துத் தோளில் முத்தமிட்டான். கூட்டம் கணவாயை நோக்கிப் போனது. போகும்போது ஒருவர் கேட்டார், நீ ஏன் வரவில்லை என்று. முத்லக் முழங்கால் என்றான்.

முதல்முறையாக என் கழுதைகளோடு திரும்பி நடந்தான். வெகுதூரம் வந்த பிறகு நான் கேட்டேன். ஒரு வருஷமாகக் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தது.

“கீழ எப்படி இருந்துச்சு? உன் வீடு தெரியுமே, அந்த ரெண்டாவது பிளவு தாண்டினா.”

“தெரியும்.”

“நிக்குதா?”

கழுதையின் வாலைத் தட்டிக்கொண்டே வந்தான்.

“பாக்கல. அந்தம்மா கால எங்க வைக்குறான்னு பாத்துட்டே இறங்கினேன்.”

“ஏறும்போது?”

“ஏறும்போது இருட்டிடுச்சு.”