இரண்டடி தள்ளி விழுந்த ஹெலிகாப்டர்

பெட்ரோலில் இயங்கும் என் மாதிரி ஹெலிகாப்டரின் கார்புரேட்டருக்குப் டயாபிரம் எனப்படும் புதிய ரப்பர் சவ்வுகளையும் கேஸ்கட்டுகளையும் திண்டிவனத்து வீட்டில் நானே பொருத்தினேன். மறுநாள் காலை கிளியனூர் அருகே ஒரு தரிசில் அதைப் பறக்கவிட்டேன். தரையில் சீராக ஓடிய எஞ்சின், உயரே சென்றதும் நின்றுவிட்டது. பக்கத்து நிலக்கடலைக் கொல்லையில் மருந்து அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இரண்டடி தள்ளி ஹெலிகாப்டர் விழுந்தது. நான் ஓடிச்சென்று அதைத் தூக்கினேன்.

“புது சாமானே சரியில்ல” என்றேன்.

அவர் தம் முதுகிலிருந்த பெட்ரோல் ஸ்பிரேயரை இறக்கி வைத்தார். “கயட்டுங்க சார், பாக்கலாம். இதுலயும் இதே மாதிரி கார்புரேட்டருதான்.”

கழற்றிக் காட்டினேன்.

“ரெண்டு பக்கமும் கேஸ்கட்ட மொதல்ல வெச்சிருக்கீங்களே! பெட்ரோல இழுக்கற பம்பு பக்கம் டயாபிரம்தான் மொதல்ல ஒக்காரணும். நானும் இப்படிப் போட்டுக்கினு ஒரு நாள் பூரா பேஜாரு பட்டேன்.”

மாற்றி வைத்துத் திருகை இறுக்கியவர், ஹெலிகாப்டர் விழுந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“உங்க மேல ஏதும் படலியேம்மா?”

“மல்லாட்டைச் செடிதான் ரெண்டு போச்சி. இப்பவாச்சும் கேட்டீங்களே” என்று சிரித்துவிட்டு ஸ்பிரேயரை முடுக்கினார்.

என் ஹெலிகாப்டரின் எஞ்சின் அதன்பின் ஒருமுறையும் நின்றதில்லை. ஆயினும் அதை முடுக்கும்போதெல்லாம், அன்று ஹெலிகாப்டரை எடுக்க அவரைக் கடந்துதான் ஓடினேன் என்பது நினைவுக்கு வருகிறது.