தரைத்தளம்தான் வேணும்

எங்க அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அவர் 'லிப்ட் மாமா'. எந்த லிப்ட்டுல ஏறினாலும் மத்தவங்க மாதிரி சும்மா நிக்க மாட்டார். தலையைச் சாய்ச்சு காது கொடுத்துக் கேப்பார். "ம்ஹூம், இதை எவனும் திறந்தே பார்க்கல"ம்பார். கூட நிக்கிறவங்க அடுத்த மாடியிலேயே இறங்கிடுவாங்க. அவரோட போனா நான் படியிலதான் ஏறுவேன்.

ஊரையெல்லாம் மேல ஏத்தி இறக்குற மனுஷன், சொந்தப் பொண்டாட்டியை மட்டும் லிப்ட்டுல ஏத்த மாட்டார். அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்தே முட்டி வலி, படியும் ஆகாது. அதனால கல்யாணமான புதுசுலேருந்தே அவங்க குடியிருந்தது எல்லாமே தரைத்தளம். இப்ப இருக்கிற வீடும் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தோட அடியில இருக்கு. ஜன்னலைத் திறந்தா வண்டி நிறுத்துற இடம், அதுவும் ஜன்னல் மட்டத்துக்கு மேடாக்கிக் கட்டினது. டீ குடிச்சுக்கிட்டே அக்கா வேடிக்கை பார்க்கிறது டயரையும் செருப்பையும்தான். "மூணாவது மாடிக்காரர் புதுச் செருப்பு வாங்கிட்டார்டா"ன்னு செய்தி வாசிப்பா. அந்த மூணாவது மாடிக்காரரே எதிர்ல வந்து வணக்கம் சொன்னாலும், காலைக் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் அவளுக்கு ஆள் பிடிபடும்.

அவங்க பொண்ணு சம்பாதிக்க ஆரம்பிச்சதும், "ரெண்டு பேரும் வெளிநாடு போய் மூணு ஊரு சுத்திட்டு வாங்க"ன்னு அடம்பிடிச்சு விமான டிக்கெட்டைப் போட்டுட்டா. தங்குற இடம் பார்க்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. நான் டிராவல்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். இதுதான் என் பொழப்பு, ஆனா பொறுமைங்கிறது எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

ஞாயித்துக்கிழமை காலையில லேப்டாப்பைத் தூக்கிட்டு அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்தேன். மாமா பக்கத்து நாற்காலியில. அக்கா எதிர்ல உட்கார்ந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தா. முதல் ஊருக்கு ஒரு நல்ல ஹோட்டல் காட்டினேன். ஸ்டேஷன் பக்கம், காலைச் சாப்பாடு உண்டு, சுத்தமான இடம்.

"கீழ ரூம் இருக்கா?"ன்னார் மாமா.

இருந்துச்சு, போட்டேன். ரெண்டாவது ஊர்ல கீழ இருந்த ஒரே ரூம் ஹோட்டல் சமையல்கட்டை ஒட்டி இருந்துச்சு. ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கிக் குழாய் ஃபோட்டோவுலயே தெரியுது.

"மாமா, இது ரூமா? அடுப்படி!"

"புகைதானே, ஜன்னலைச் சாத்திக்கலாம். போடு."

பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையும் போட்டேன். மூணாவது ஊருக்குத் தேடும்போது கை தவறி மேல் மாடி ரூம் ஒண்ணு திறந்துக்கிச்சு. பதினோராவது மாடி. சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், கீழ ஆறு, பாலம், ஊரோட கூரை மொத்தமும். ஜன்னலோரமா ஒரேயொரு நாற்காலி.

அக்கா மடிச்சுக்கிட்டிருந்த துண்டு பாதியில நின்னுச்சு. "நாற்காலியை எங்க போட்டிருக்கான் பாரேன்"ன்னா.

"அடுத்ததைக் காட்டு"ன்னார் மாமா.

நான் அடுத்ததைத் திறந்தேன். அக்கா மெதுவா, "டேய், கொஞ்சம் முன்னாடி காட்டுனதுக்குப் போடா"ன்னா.

எனக்கு அதுக்கு மேல தாங்கல. "மாமா, நீங்க பார்க்கிற லிப்ட்டுல ஊரே போகுது, வருது. எங்க அக்கா மட்டும் என்ன பாவம் பண்ணினா?"

"ஊர்ல யார் போறான்னு எனக்குத் தெரியாது மாப்ளே. உங்க அக்காவைத் தெரியும்." அவர் குரல் இறங்கிப் போச்சு. "அங்க லிப்ட்டை எவன் பார்க்கிறானோ, எப்படிப் பார்க்கிறானோ. உள்ள மாட்டிக்கிட்டா பாஷைகூடத் தெரியாது. அன்னைக்கு ஆனதே போதும்."

அன்னைக்கு என்ன ஆச்சுன்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான புதுசு. அக்கா வயித்துப் பிள்ளைக்காரி. மாமா வேலை பார்த்த கட்டடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவ, ரெண்டு மாடிக்கு நடுவுல லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மாமா தன் கையால அந்த லிப்ட்டைச் சரிபண்ணி, "இனி பயமில்ல"ன்னு சொல்லிட்டு வந்திருந்தார். அதுல பயந்துபோன அக்காவுக்கு அப்புறம் லிப்ட்டே ஆகாதுன்னுதான் நாங்க எல்லாம் நினைச்சிருந்தோம். நானும் அப்படியே சொன்னேன். "பாவம், அவ பயந்துட்டா, அதுக்காக..."

"யாருடா பயந்தா?"ன்னா அக்கா.

நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"மாட்டிக்கிட்டவ நான். பசிச்சுது, கொண்டுபோன சாப்பாட்டைப் பிரிச்சுப் பாதியை நானே தின்னுட்டேன். வெளியே தட்டுறது நீங்கதான்னு தெரிஞ்சப்புறம் எனக்கென்னங்க பயம்? கதவைத் திறந்தீங்களே, அப்ப உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் பயந்தேன். ஐயோ, இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆயிடும்போலன்னு. 'இனிமே உன்னை இதுல ஏத்தவே மாட்டேன்'னீங்க. சரின்னேன். உங்களுக்காகச் சரின்னேன்."

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சார். "இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீங்க நிம்மதியா இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." மடிச்ச துண்டையே எடுத்து மறுபடி மடிச்சா. "ஒரே ஒரு ஊர்ல மேல இருந்து பார்க்கணும்ங்க. அவ்வளவுதான்."

எனக்கு ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சுக்கணும்போல இருந்துச்சு. மாமா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டு, அந்தப் பதினோராவது மாடி ஃபோட்டோவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "அந்த லிப்ட்டை யார் பார்க்கிறான்னு கேளு"ன்னார்.

கேட்டேனே! வெளிநாட்டு ஹோட்டலுக்குப் போன் போட்டு, லிப்ட்டுக்கு என்ன வயசு, கடைசியா எப்பத் திறந்து பார்த்தீங்க, அவசரத்துக்கு மெக்கானிக் எவ்வளவு தூரத்துலேருந்து வருவார்னு வரிசையாக் கேட்டேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரி ஆயிடுச்சு. போனை எடுத்த பொண்ணு, "சார், உங்களுக்கு ரூம் வேணுமா, லிப்ட் வேணுமா?"ன்னா. மாமா பதிலெல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "சரி, போடு"ன்னார்.

மூணாவது ஊர் போய்ச் சேர்ந்த அன்னைக்கு, அக்காவைப் பெட்டிகளோட கீழ சோபாவுல உட்கார வச்சுட்டு, மாமா மட்டும் லிப்ட்டுல மேலயும் கீழயும் போய்ப் போய் வந்திருக்கார். ஹோட்டல்காரன் வந்து, "ரூமைத் தொலைச்சிட்டீங்களா?"ன்னு கேட்கிற வரைக்கும். அதுக்கப்புறம்தான் அக்காவைக் கூட்டிப் போயிருக்கார். லிப்ட்டுக்குள்ளேருந்தே அக்கா எனக்கு வீடியோ கால் போட்டா. அவ ஒரு கையில போன், இன்னொரு கையில மாமாவோட கை. மாமாவுக்கு நெத்தியெல்லாம் வேர்வை. "ஒண்ணுமில்லீங்க, இதோ வந்துட்டோம்"னு அக்கா அவருக்குச் சொல்லிக்கிட்டே வந்தா.

ரூமுக்குள்ள போனதும் நேரா அந்த நாற்காலியில உட்கார்ந்தா. கீழ எட்டிப் பார்த்தா.

"டேய்"ன்னா. "எல்லாருக்கும் தலை இருக்குடா!"

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு. மாமா போனை வாங்கிக்கிட்டு ஓரமாப் போனார்.

"மாப்ளே, நம்ம கட்டடத்துல ஆறாவது மாடி வீடு காலின்னு போர்டு தொங்குதுல்ல? நாங்க வர்ற வரைக்கும் யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு இன்னைக்கே போய்ச் சொல்லு."

"மாமா, அந்த லிப்ட்..."

"அதை நான்தானேடா பார்க்கிறேன்."

"என்னங்க, இங்க வாங்களேன், பஸ்ஸோட கூரை தெரியுது"ன்னு பின்னாலேருந்து அக்கா கூப்பிட்டா. மாமா போனை அணைக்கக்கூட மறந்து கட்டில்ல போட்டுட்டு ஜன்னல் பக்கம் போயிட்டார்.