ரொறன்ரோ லீக்கும் என் இரண்டு தவணையும்

இன்று வில்லரே பகுதித் தமிழ்க்கடையில் ரமணனைக் கண்டேன். ஊரில் எங்கள் கல்லூரிக்குப் பரம எதிரியான கல்லூரியின் பழைய மாணவன்.

“அண்ணை, ரொறன்ரோ கிரிக்கெட் லீக்குக்கு எங்கட பழைய மாணவர் ரீமைக் கூப்பிட்டிருக்கினம்.”

“போன மாசம் எங்களிட்டத் தோத்த ரீமையோ?”

“ஓம். ஆனா கூப்பிட்டது எங்களைத்தானே.”

என் கையிலிருந்த முருங்கைக்காய் முறிந்துவிட்டது.

“இங்கயிருந்து ரொறன்ரோவுக்கு ஆறு மணித்தியாலம் வான் ஓடி ஆர் போறது?” என்றேன்.

“நாங்கள் போறம். ஒரு விக்கெட் கீப்பர்தான் இல்லை. எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவராயும் இருக்கவேணும்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கீப்பர். இடம்பெயர்ந்த காலத்தில் அந்தக் கல்லூரியிலும் இரண்டு தவணை படித்திருக்கிறேன். மனைவிக்குக்கூட இதைச் சொன்னதில்லை.

இரண்டு தவணை படித்தவனும் பழைய மாணவன்தானே? சும்மா கேட்கிறேன். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்காரர் பதில் எழுதவேண்டாம்.