டப்பாவுக்குள் தாயக்கட்டை

ஊரிகம் சுரங்க லைன் வீட்டில் பிறந்து, மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பங்காருபேட்டை ரோட்டில் கோலி சோடாக் கடை போட்டேன். குடிதண்ணிக்கே வரிசை நிற்கிற ஊரில் சோடா விற்றுக் காட்டினேன். எங்கள் ஜனங்கள் கும்பிடும் புத்த விகாரத்துக்கு மதில் எழுப்ப ஆள் வராதபோது, ஷிப்டு முடிந்து வந்து நானே கல் சுமந்து எழுப்பினேன். ஒழுகாத வீடு கட்டினேன். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. அது ஓர் ஆட்டம்.

தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த புதுசு. எனக்கு நந்திதுர்க் சுரங்கத்தில், பாறையில் துளை போடும் மிஷினில் வேலை. மிஷினுக்கு இரண்டு ஆள். என் ஜோடி என்னைவிடப் பெரியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் கூடுவோம். அண்ணன், நான், ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிறவர், அவருடைய மச்சான். சீட்டாடினால் அடிதடியில் முடிகிறது என்று நான் புதுசாக ஓர் ஆட்டம் போட்டேன்.

வெடிமருந்துப் பெட்டிப் பலகையில் கரியால் சுரங்கத்தின் ஷாஃப்டுக் குழியும், அதிலிருந்து பிரியும் லெவல் பாதைகளும் வரைவேன். ஒருவர் திருடர். தங்கக் கல்லை ஒளித்து வைத்து, யார் கண்ணிலும் படாமல் மேலே கொண்டுபோக வேண்டும். மற்ற இருவரும் காவல்காரர்கள். கல் எங்கே, திருடன் எங்கே என்பது திருடனுக்கும் எனக்கும்தான் தெரியும். காவல்காரர் கண்ணில் என்ன பட்டது, காதில் என்ன விழுந்தது என்று நான் சொல்வேன்.

ஆரம்பத்தில் தேடுகிறவரே தாயக்கட்டையை உருட்டினார். பெரிய எண் விழுந்தால் கண்டுபிடித்தார். சின்ன எண் விழுந்தபோதுதான் வம்பு வந்தது. மச்சான் எமகாதகர்.

“ஒண்ணுதான வுழுந்துச்சி? அப்ப கல்லு இங்கயேகூட இருக்கும். கட்டைக்குத்தான் கண்ணு தெரியல. மறுபடி தேடறேன்” என்றார்.

“உனுக்கு மூளை கீதுன்னு உங்க அக்கா சொல்லவே இல்லியேடா” என்றார் மணிக்காரர்.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். கட்டையைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு, துண்டால் மூடி நானே ஆட்டுவேன். நான் மட்டும் எட்டிப் பார்ப்பேன். “ஒண்ணும் தெரியல” என்பேன். கல் அங்கே இல்லையா, இருந்தும் கண்ணுக்குத் தப்பியதா, தேடுகிறவருக்குத் தெரியாது. பூமிக்கு அடியில் வேலை செய்தவனுக்குத்தான் இது புரியும். காணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு.

இன்னும் இரண்டு சட்டம் உண்டு. “தண்ணிக் குழாய்க்குப் பின்னால கைய வுட்டுப் பாக்கறேன்” என்று இடத்தைச் சொல்லித் தேடினால், கல் அங்கே இருக்கிற பட்சத்தில் கட்டையே வேண்டாம், அகப்பட்டது. அடுத்தது, திருடன் நெருங்கும்போது காவல்காரர் காதில் விழுகிறதா என்று டப்பாவை ஆட்டுவேன், யாருமே வராதபோதும் சும்மா ஆட்டுவேன். காவல்காரர்கள் அலறுவார்கள். மூன்றும் என் மண்டையில் உதித்தவை.

அண்ணன் எப்போதும் காவல்காரர்தான். அவரை ஏமாற்றித் திருடன் போனதே இல்லை. பெரிய புத்திசாலி என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு, வாசல் வெயில் முகத்தில் அடிக்கிறதென்று நான் அண்ணனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். டப்பாவை ஆட்டினேன். மற்ற இருவரும் டீயைக் கீழே வைத்தார்கள். அண்ணன் வேர்க்கடலை உடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரோ வர்றான்டா” என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் பீடி பிடிக்க வெளியே போனபோது மறுபடி ஆட்டினேன். அவர் திரும்பவில்லை. “அண்ணே, டீ ஆறுது பாரு” என்றேன். கடலைத்தோல்தான் உடைந்தது.

வருஷக்கணக்காக மிஷின் தின்ற காது. கீழே யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. மிஷின் ஓடும்போது அங்கே எல்லாரும் செவிடர்கள்தான். தலை விளக்கை ஆட்டித்தான் பேச்சு. ஆனால் வெடி வைத்த இடத்தில் மறுபடி மிஷினைப் பொருத்துமுன், தலைக்கு மேல் பாறையைக் கடப்பாறையால் தட்டிக் கேட்க வேண்டும். கணீர் என்றால் கெட்டி. டொப் என்றால் பிளந்து தொங்குகிறது என்று அர்த்தம். பெரியவர் என்பதால் தட்டுகிற வேலை அண்ணனுடையது.

அன்று சாயங்காலம் அவரைத் தனியாக அழைத்துப்போய், முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

“எவ்ளோ நாளாண்ணே?”

“இன்னா எவ்ளோ நாளா?”

காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் கறுத்தது.

“ஆட்டத்துலதான் காவல்காரன் தடவுறான்னு பாத்தா, நெசத்துலயும் என் மடியத் தடவுறியாடா?”

“பாறைய எப்டி தட்டிப் பாக்கற?”

“கடப்பாறை கையிலயே சொல்லுது.”

“சொல்லாத அன்னிக்கி?”

அவர் என் கையைப் பிடித்தார். “மேல தரை வேலைக்கு அனுப்பிடுவாங்கடா. அந்தக் கூலியில மூணு பொண்ணுங்கள எப்டி கரையேத்துவேன்? சொல்லிடாத” என்றார்.

“நாளையிலேர்ந்து நான் தட்டறேன்” என்றேன். அப்படியே நடந்தது, ஒரு நாள் வரை.

அன்று மிஷினுக்குக் காற்று ஹோஸ் எடுத்து வர நான் பின்தங்கிவிட்டேன். போய்ச் சேர்ந்தால், அண்ணன் தட்டி முடித்து விளக்கை ஆட்டினார். கெட்டியாம். அவர் தட்டிய இடத்தில் நானும் தட்டினேன்.

டொப்.

பெல்ட்டைப் பிடித்து அவரைப் பின்னால் இழுத்தேன். எட்ட நின்று கடப்பாறையை விட்டு நெம்பினேன். பாறை பலகை பலகையாக வந்து விழுந்தது, அவர் நின்ற இடத்திலேயே. எழும்பிய புழுதியில் எங்கள் விளக்குகள் மங்கிப்போயின. அவ்வளவு சத்தத்துக்கும் அண்ணன் முதலில் தன் காலடியைத்தான் பார்த்தார். அதிர்வு அங்கேதான் தெரிந்தது அவருக்கு. பிறகு என்னைப் பார்த்தார்.

கேஜில் மேலே வரும்போது தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. நான் நேராக ஃபோர்மேனிடம் போய்ச் சொன்னேன்.

டாக்டர் பரிசோதித்தார். அண்ணனை மேலே, தலை விளக்கு கொடுக்கும் லாம்ப் ரூமில் போட்டார்கள். நான் டோக்கனை நீட்டும்போதெல்லாம் விளக்கை எடுத்துப் பலகைமேல் வைப்பார், கண் வேறெங்கோ இருக்கும். அவர் வீட்டில் ஞாயிறு ஆட்டம் நின்றது. மணிக்காரர் ஆட்டத்தைக் கிளப்புக்குக் கொண்டுபோனார். இப்போது அது கிளப் ஆட்டம் என்கிறார்கள். போகட்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்தில் அண்ணன் எழுந்து நின்று டாக்டருக்கு நன்றி சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. அதன் பிறகு பென்ஷன் வாங்கினார், மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தார், கட்டிலில் படுத்தபடி செத்தார். எங்கள் ஊரில் மிஷின்காரன் கட்டிலில் சாவது சின்ன விஷயம் இல்லை.

பெரிய பெண் விகாரத்தில் அப்பா ஞாபகமாகக் கல் பதிக்கப்போகிறாளாம், நான் எழுப்பிய மதிலில். அப்பாவின் காதைக் கண்டுபிடித்து உயிரைக் காத்த டாக்டருக்கு நன்றி என்று அதில் வெட்டப்போகிறார்களாம்.

அம்மாடி, இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். உன் அப்பா என்னை மன்னிக்கவில்லை, அது அவர் இஷ்டம். டாக்டர் பெயர் இருக்கட்டும். ஆனால் டாக்டரிடம் அவர் போனதே நான் சொன்னதால்தான். அவர் காதை முதலில் கண்டுபிடித்தது பால்பவுடர் டப்பாவும் தாயக்கட்டையும். அதை ஆட்டினவன் நான். கல்லில் என் பெயரையும் வெட்டு.