ஒரு நூல் தள்ளிய கண்கள்

அந்தத் தெருவில் 'பொம்மை அக்கா' என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். துணிப் பொம்மை தைத்து மொத்தக் கடைக்குப் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம். காய்கறிக்காரரில் தொடங்கி வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரர் வரைக்கும் யாரையும் பேச்சில் மடக்கிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், போனில் ஒரே ஒரு ஆளின் குரலைக் கேட்டால் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து நின்றுகொள்வாள்.

அந்த ஆள்தான் மொத்த வியாபாரி. வீட்டுக்குள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஒருநூல்'. எந்தப் பொம்மையை எடுத்தாலும் இரண்டு கண்ணுக்கும் நடுவே கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் தள்ளியிருக்கேம்மா" என்பார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். அதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். சிவப்பு ரிப்பன் கேட்பார், தைத்து முடித்த பிறகு நீலம்தான் ஓடுது என்பார். கையால் செய்தது என்று அட்டை மாட்டித்தான் விற்பார். ஆனால் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தாக வேண்டும். "சரிங்க சார்" என்பதைத் தவிர அவரிடம் அவள் வாயில் வேறு சொல் வந்ததில்லை. மற்ற கடைகள் ஏதோ சில்லறையாக வாங்கும். வீட்டில் அடுப்பு எரிவது இவரால்தான்.

அவள் கணவர் தையல்காரர். சட்டைக் காலர் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துவிட்டது. பேச்சு திரும்பியது, நடையும் ஒருவழியாகத் திரும்பியது. விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே வெறித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள், "கண்ணு மட்டும் நான் தைக்கிறேன். நீ ஊசியில நூலக் கோத்துக் குடு, போதும்" என்றார். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் கண் தைத்த முதல் மூட்டை போன வேகத்தில், அவர் மத்தியானம் தூங்கும்போதே திரும்பி வந்தது. அவர் எழுந்த நேரத்துக்குப் போனும் வந்தது.

"பொம்மை என்னப் பாத்து முறைக்குதும்மா. இன்னொரு தடவ இப்படி அனுப்பினா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்" என்றாள் அவள். போனை வைத்ததும் கணவர் ஆவலாகக் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"உங்க கைப் பொம்மைதான் முதல்ல வித்துப்போச்சாம்" என்றாள், வாய் கூசாமல்.

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மனுஷர் எழுந்துவிட்டார். மறுநாள் இடது கையாலேயே ஷேவ் பண்ணிக்கொண்டார். இஸ்திரிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "நம்ம கைக்குன்னு ஒரு தனி கிராக்கி இருக்குப்பா" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். இதற்கு மேல் உண்மையைச் சொல்ல அவளுக்கு எங்கே வாய் வரும்? அவர் தைத்ததையெல்லாம் ஒரு பழைய சூட்கேஸில் போட்டு, துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் தள்ளினாள். அவரால் குனிந்து பார்க்க முடியாது, அந்தத் தைரியம். மத்தியானம் அவர் தூங்கும்போது வேறு பொம்மைகளுக்குத் தானே கண் தைத்துக் கடைக்கு அனுப்பினாள். தினமும் காலையில் ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். தன்னை நினைத்தாலே அவளுக்குக் கூசியது.

ஒரு முற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநூல் வந்து நின்றார். புதுக் கிளை திறக்கப் போகிறாராம், சரக்கு பத்தவில்லையாம்.

"கைவசம் இருக்கறத எடும்மா."

"இருந்ததெல்லாம் அனுப்பிட்டேனே சார்."

அவர் யார் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறார்? கண்ணால் அறையைத் துழாவினார். சூட்கேஸ் நிரம்பி வழிந்து, மூடாத இடுக்கு வழியாக ஒரு பொம்மைக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பின்ன இது என்னவாம்?" என்று இழுத்துத் திறந்தார்.

ஒன்றுக்குக் கண் நெற்றியில், ஒன்றுக்குக் காதோரம். எல்லாம் ஆளுக்கொரு திசையாக மேலே பார்த்துக்கொண்டு கிடந்தன. ஜன்னலோரத்தில் இருந்தவரும் பார்த்தார். தன் தையல் தையல்காரருக்குத் தெரியாதா? முதல் மாதம் தைத்ததும் அதில் இருந்தது, நேற்றுத் தைத்ததும் இருந்தது. ஒன்றுகூட விற்கவில்லை.

ஒருநூல் ஒரு பொம்மையைத் தூக்கிப் பிடித்தார். "யாரும்மா தெச்சது? இந்தக் கைய இன்னுமா என் வேலையில வெச்சிருக்கே?"

என் வீட்டுக்காரர் என்று சொல்லியிருக்கலாம். தலையே போனாலும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவளோ பழக்கதோஷத்தில் எழுந்து நின்றிருந்தாள்.

"புதுசா ஒரு பொண்ணு வந்துச்சு சார். வேலை சரியில்லன்னு நிறுத்திட்டேன்."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. ஒருநூல் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்படிங்களா?"

கணவர் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையை மெல்ல மடியிலிருந்த துண்டுக்கு அடியில் நகர்த்திக்கொண்டார்.

"ஆமாங்க. அந்தப் பொண்ணுக்குக் கை நிக்காது. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

ஒருநூலுக்குத் திருப்தி. புது ஆர்டரைச் சொல்லிவிட்டு, "கண்ணுல மட்டும் கவனமா இரும்மா" என்று வாசலில் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். திரும்பினால் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"என்னங்க..." என்றாள், முதுகைக் காட்டியபடியே.

"பாவம், மனுஷன் ஒரு டீ கூட குடிக்காம போறாரு" என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவள் எப்போதும்போல ஊசியில் நூல் கோத்தாள். கோப்பதற்குள் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. கையை நீட்டினாள். அவர் ஊசியை வாங்கி, அலுங்காமல் ஊசி குத்தும் மெத்தையில் செருகிவிட்டு, பஞ்சு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பஞ்சு அடைக்கிறேன். அது உள்ளதானே இருக்கப்போகுது."

"அப்ப கண்ணு தைக்க வேணாமா?" என்றாள் அவள்.

"நீயே தெச்சுக்க" என்றார், பஞ்சைப் பிய்த்துக்கொண்டே. "அந்தப் பொண்ணத்தான் நிறுத்திட்டோமே."